எந்த ஊர் ஆங்கிலம் உயர்ந்த ஆங்கிலம்?

கேள்வி: "திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். கிளாஸ்கோவிலிருந்து வந்த ஒரு தம்பதி பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. 'வெள்ளைக்காரர் போலப் பேசப் பழகு' என்கிறார் முகாமையாளர். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியம்மாவின் பிள்ளைகள் என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அடுத்த வருடம் ஐஈஎல்டிஎஸ் பரீட்சை எழுத இருக்கிறேன். எந்தப் பகுதி ஆங்கிலத்தைப் பழகினால் நல்லது? அவர்களுக்குள்ளேயே யாருடைய உச்சரிப்பை உயர்வாக நினைக்கிறார்கள்?"

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அது தெளிந்தால் முகாமையாளருக்கும் பெரியம்மா பிள்ளைகளுக்கும் என்ன பதில் சொல்வது என்பது தானாக வந்துவிடும்.

'வெள்ளைக்காரர் போல' என்று உங்கள் முகாமையாளர் சொல்வது எந்த வெள்ளைக்காரரை? லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடைப்பட்ட தூரம், திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகிற தூரம் அளவுதான். ஆனால் ஒருவர் இரண்டு வசனம் பேசினால் போதும், அவர் எந்த நகரத்தவர் என்று அந்த இரண்டு ஊராரும் சொல்லிவிடுவார்கள். லிவர்பூல் பேச்சில் 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய அயர்லாந்துக்காரரின் சாயல் ஊறியிருக்கிறது. சொல்லின் கடைசியில் வருகிற 'க்' ஒலியை அவர்கள் தொண்டையில் உரசி 'ஹ்' போல விடுவார்கள். மான்செஸ்டரில் அப்படி இல்லை.

தென் இங்கிலாந்தில் 'கார்' என்பதன் ரகரம் கேட்காது. 'கா' என்று நீண்டு நின்றுவிடும். ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள டெவன், சமர்செட் பக்கங்களிலும் அந்த ரகரம் உயிரோடு இருக்கிறது. வட இங்கிலாந்தில் 'பஸ்' ஏறக்குறைய 'புஸ்' ஆகிறது, 'கப்' 'குப்' ஆகிறது. குளியலைக் குறிக்கும் 'பாத்' தெற்கில் நெடில், வடக்கில் குறில். உங்களைத் திணறடித்த கிளாஸ்கோவில் 'ஹவுஸ்' என்பது 'ஹூஸ்' என்று வரும். 'வோட்டர்' என்பதன் நடுவில் உள்ள ஒலியைத் தொண்டைக்குள் விழுங்கிவிட்டு, கடைசி ரகரத்தை மட்டும் நன்றாக உருட்டுவார்கள். லண்டனில் பிறந்து வளர்ந்தவர்களே அங்கே போனால் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே உங்களுக்கு விளங்காமல் போனதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மே மாதம் முதல் கிழக்குக் கடற்கரைக்கு அவுஸ்திரேலியரும் நியூசிலாந்துக்காரரும் வருவார்கள். அவுஸ்திரேலியர் 'டுடே' என்பது நம் காதுக்கு 'டுடை' என்று விழும். 'இன்றைக்குப் போகிறோம்' என்று அவர் சொன்னதை 'சாகப் போகிறோம்' என்று கேட்டுத் திடுக்கிட வேண்டாம். நியூசிலாந்துக்காரர் 'பின்' கேட்டால் குண்டூசியைத் தேடாதீர்கள். படிவம் நிரப்புவதற்குப் பேனை கேட்கிறார். அவருடைய 'டின்' பத்து, அவருடைய 'ஃபுஷ்' மீன்.

இத்தனை வகைகளுக்குள் ஒன்று மட்டும் எப்படி 'சரியான ஆங்கிலம்' ஆனது? ஒலியின் அழகு அதற்குக் காரணம் அல்ல. இங்கிலாந்தின் பணக்காரக் குடும்பங்கள் பிள்ளைகளைச் சேர்க்கும் விடுதிப் பாடசாலைகளில் (அங்கே அவற்றுக்குப் பெயர் 'பப்ளிக் ஸ்கூல்') ஒரு பொதுவான பேச்சு உருவானது. மொழியியல் அறிஞர் டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில் அதைப் 'பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு' என்றே வெளிப்படையாக அழைத்தார். 1926ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, 'ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்சரிப்பு' என்ற பொருளில் ஆர்.பி. என்று சுருக்கமாக இன்று வழங்கும் பெயரை வைத்தார். யார் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைப் பெயர் சொல்வதில்லை. அதே 1926இல் பிபிசி தன் அறிவிப்பாளர்களுக்கு உச்சரிப்பு ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. சில வருடங்களில் அதற்குத் தலைவராக வந்தவர் பெர்னார்ட் ஷா, டப்ளினில் பிறந்த அயர்லாந்துக்காரர்! 1970களில் மொழியியலாளர் பீட்டர் டிரட்ஜில் கணித்தபடி, இந்த உச்சரிப்பைச் சுத்தமாகப் பேசுவோர் இங்கிலாந்தில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். அந்த மூன்று பேர் போலப் பேசத்தான் உங்கள் முகாமையாளர் உங்களைப் பழகச் சொல்கிறார்.

போர்க்காலத்தில், 1941இல், யோர்க்‌ஷயரைச் சேர்ந்த வில்பிரட் பிக்கிள்ஸ் என்பவரைப் பிபிசி தேசியச் செய்தி வாசிக்க வைத்தது. ஜெர்மனியர் பிபிசி குரலைப் போலி செய்து பொய்ச் செய்தி பரப்பினால் கண்டுபிடிப்பதற்கு ஊர் வாடை வீசும் குரல் உதவும் என்பது ஒரு காரணம். கேட்டவர்கள் முறைப்பாடு செய்தார்கள். இந்தக் குரலில் வந்தால் செய்தியை நம்ப முடியவில்லை என்றுகூடச் சொன்னார்கள். செய்தி அதே செய்தி, போர் அதே போர். வாசித்தவர் மட்டும் வட நாட்டுக்காரர்.

உள்ளூர்த் தரவரிசை இன்னும் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நிக்கலஸ் கூப்லண்டும் ஹைவெல் பிஷப்பும் பிபிசியோடு சேர்ந்து நடத்தி 2007இல் வெளியிட்ட கணிப்பில் 5,010 பிரித்தானியர் 34 வகை உச்சரிப்புகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். கௌரவத்தில் அரசியின் ஆங்கிலம் மேலே நின்றது. இனிமையில் தென் அயர்லாந்தும் எடின்பரோவும் மேற்படிகளில் இருந்தன. லிவர்பூலும் உங்கள் விருந்தினரின் கிளாஸ்கோவும் கீழே. அடிமட்டத்தில் பேர்மிங்ஹாம். 'ஆசியர் ஆங்கிலம்' என்று அதில் குறிப்பிட்ட வகையும் அந்த அடிப்பக்கத்தில்தான் கிடந்தது. அதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. இளையவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாராளமாக மதிப்பெண் போட்டார்கள் என்பது ஓர் ஆறுதல்.

ஆனால் அந்தக் கணிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. அவர்களுக்கு எந்த ஒலிப்பதிவையும் போட்டுக் காட்டவில்லை. 'பேர்மிங்ஹாம் உச்சரிப்பு', 'எடின்பரோ உச்சரிப்பு' என்று பெயரை மட்டும்தான் கொடுத்தார்கள். காதே வேலை செய்யாமல் போட்ட மதிப்பெண் அது. பேர்மிங்ஹாம் என்றதும் தொழிற்சாலையும் புகையும் கூலி வேலையும் அவர்கள் மனதில் வந்து நின்றன. எடின்பரோ என்றதும் வழக்கறிஞரும் டொக்டரும் வந்தார்கள். மதிப்பெண் அவர்களுக்குத்தான் போனது.

விளைவு மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பொலிஸ் விசாரணை ஒன்றின் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சந்தேகநபர் பேர்மிங்ஹாம் உச்சரிப்பில் பேசியபோது அவரைக் குற்றவாளி என்று கருதும் போக்குக் கூடியது. அதே கேள்வி, அதே பதில்.

இங்கிலாந்தின் சமூகம் பற்றி எதுவும் அறியாத ஒருவர் கேட்டால் இந்த ஏற்றத்தாழ்வு தெரியுமா? இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இத்துறையில் பெரிய பெயர் ஹவர்ட் கைல்ஸ். அவரும் கூட்டாளிகளும் 1974இல் கிரேக்க மொழியின் இரண்டு பேச்சு வகைகளை எடுத்தார்கள். கிரேக்கருக்கு ஏதென்ஸ் நகரப் பேச்சு உயர்வு, கிரீட் தீவுப் பேச்சு பட்டிக்காடு. கிரேக்கமே தெரியாத பிரித்தானிய மாணவர்களுக்கு இரண்டையும் போட்டபோது, எது உயர்வு எது தாழ்வு என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. இனிமையும் கௌரவமும் ஒலிக்குள்ளேயே இருந்திருந்தால் அந்நியக் காதுக்கும் அது எட்டியிருக்க வேண்டும் அல்லவா?

இதைவிட எனக்குப் பிடித்த சான்று நியூயோர்க்கில் இருக்கிறது. 1962இல் மொழியியலாளர் வில்லியம் லபோவ் அங்குள்ள மூன்று பெரிய கடைகளுக்குப் போனார்: பணக்காரர் போகும் சாக்ஸ், நடுத்தரத்தார் போகும் மேசிஸ், மலிவுக்குப் பெயர்பெற்ற கிளைன். நான்காம் மாடியில் உள்ள பொருள் எது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அது எங்கே இருக்கிறது என்று ஊழியர்களிடம் கேட்பார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். அதில் ரகரம் கேட்கிறதா இல்லையா என்று ஒதுங்கிப்போய்க் குறித்துக்கொள்வார். சாக்ஸில் ரகரம் அதிகம், கிளைனில் மிகக் குறைவு. லண்டனில் ரகரத்தை விட்டால் மேட்டுக்குடி, நியூயோர்க்கில் ரகரத்தை விட்டால் அடித்தட்டு. ஒரே எழுத்து, கடலைக் கடந்ததும் சாதி மாறிவிட்டது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். திருகோணமலைக் காதுக்கு இந்தத் தரவரிசை ஒருபோதும் இருந்ததில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1957 ஒக்டோபரில் கையளிக்கும்வரை இங்கே இருந்தது பிரித்தானிய ரோயல் கடற்படையின் தளம். அந்தக் கடற்படையின் சாதாரண மாலுமிகள் சதம், போர்ட்ஸ்மத், டெவன்போர்ட் என்ற மூன்று துறைமுகப் பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். டெவன்போர்ட் என்பது டெவன் பகுதி. ரகரத்தை உருட்டும் நாட்டுப்புற ஆங்கிலம். சதம் லண்டனுக்குக் கீழே இருக்கிறது. அங்குள்ள உழைக்கும் மக்களின் பேச்சில் ஹகரம் உதிர்ந்துவிடும். அதிகாரிகள் மட்டும் ஆர்.பி. பேசினார்கள். கப்பலுக்குள் அந்த அதிகாரி இந்த மாலுமியின் பேச்சைக் கேட்டு மூக்கைச் சுளித்திருப்பார். டொக்யார்ட்டில் வேலைக்குப் போன நம்மவருக்கு இரண்டும் ஒன்றுதான்: துரை பேசுகிற இங்கிலிஷ்.

1956இல் கோணேசர் கோயிலின் கடலடிச் சிதைவுகளைப் படம் பிடித்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கை நமக்கெல்லாம் தெரியும். அவர் சமர்செட்டில் உள்ள மைன்ஹெட்டில் பிறந்தவர். வாழ்நாளில் பாதிக்கு மேல் இலங்கையில் கழித்தும் அந்த மேற்குப் பக்கச் சாயல் அவர் பேச்சில் தங்கியிருந்தது. இங்கிலாந்தில் பண்ணைக்காரருக்கும் நாடகக் கடற்கொள்ளையருக்கும் உரியதென்று கேலி செய்யப்படும் சாயல் அது. இங்கே யாரும் அவரைப் பண்ணைக்காரராகக் கேட்கவில்லை. விஞ்ஞானியாகவே கேட்டார்கள்.

இதற்கும் மேலே ஒன்று. 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டத்துக்கு முதலில் பிரெஞ்சு இயேசு சபைக் குருமார் வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் தெற்கிலிருந்து, இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் பிரிவைச் சேர்ந்த குருமார் வந்து சேர்ந்தார்கள். இங்கே புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் பிள்ளைகள் அவர்களிடம் ஆங்கிலமும் கூடைப்பந்தும் படித்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலப் பேச்சை அமெரிக்கர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை டென்னிஸ் பிரெஸ்டன் ஆராய்ந்திருக்கிறார். வடக்கில் மிச்சிகன் மக்களிடம் எந்த மாநிலத்தில் சரியான ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று கேட்டால் தங்கள் மாநிலத்துக்கே முதலிடம் கொடுத்தார்கள். தெற்கை அடியில் தள்ளினார்கள். தெற்கத்தியரும் தங்கள் பேச்சு இனிமையானது என்றார்களே தவிர, அதைச் சரியானது என்று துணிந்து சொல்லவில்லை. கிழக்கிலங்கையில் அதே தெற்கத்திய ஆங்கிலம் 'ஃபாதரின் ஆங்கிலம்'. பெற்றோர் தங்கள் பிள்ளை அப்படிப் பேச வேண்டும் என்று ஆசைப்பட்ட ஆங்கிலம். மிச்சிகனில் தோற்றது, உள்துறைமுக வீதியில் முதல் பரிசு வாங்கியது.

அப்படியானால் நம்முடைய உச்சரிப்பை அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள்? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'தேங்க்ஸ்' என்று நாம் சொல்லும்போது நாக்கு மேற்பல்லில் முட்டி நிற்கிறது. அது நம்முடைய சுத்தமான தகரம். லண்டனில் நாக்கு பல்லுக்கிடையில் நின்று காற்று உரசிக்கொண்டு வெளியே வரும். ஆகவே நம்முடையது பிழை என்று பாடசாலையில் சொல்லிக் கொடுத்தார்கள். அயர்லாந்துக்காரர் என்ன செய்கிறார்? அவர்களில் பெரும்பாலோர் நாக்கைப் பல்லில் முட்டி நிறுத்தித்தான் சொல்கிறார்கள். நம்முடைய அதே தகரம். மேலே சொன்ன கணிப்பில் இனிமைக்குப் பெயர் வாங்கியது அந்த அயர்லாந்துப் பேச்சு; ஆசியர் பேச்சு அடியில். டப்ளின் வாயிலிருந்து வந்தால் அழகு, உப்புவெளி வாயிலிருந்து வந்தால் பிழை. ஒலியை அளக்கும் எந்தக் கருவிக்கும் இந்த வேறுபாடு பிடிபடாது.

அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் 1992இல் வெளியிட்ட சோதனை இதைப் பச்சையாகக் காட்டியது. அமெரிக்கப் பெண் ஒருவர் பேசிய ஒரே விரிவுரைப் பதிவை இரண்டு மாணவர் குழுக்களுக்குப் போட்டார்கள். ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், மற்றக் குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் 'வெளிநாட்டு உச்சரிப்பு' இருந்ததாகச் சொன்னார்கள். அது மட்டுமல்ல, கேட்டதை நினைவுபடுத்தும் சோதனையிலும் அவர்கள் குறைவாகவே எடுத்தார்கள். ஆகவே உங்களை ஒரு விருந்தினர் 'விளங்கவில்லை' என்றால், சிலவேளை பழுது உங்கள் நாக்கில் இருக்காது. அதை நீங்கள் திருத்த முடியாது. திருத்த முயன்று நித்திரையைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

எல்லாப் பழியையும் கேட்பவர் தலையில் போடவும் முடியாது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஷிரி லெவ்-ஆரியும் போவாஸ் கெய்சாரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், 'தண்ணீர் இல்லாமல் ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தாங்கும்' என்பது போன்ற பொது அறிவுக் கூற்றுகளைப் பலவித உச்சரிப்பில் வாசிக்க வைத்தார்கள். உச்சரிப்பு அழுத்தமாக இருந்தபோது கேட்டவர்கள் அந்தக் கூற்றை நம்புவது குறைந்தது. பேசுபவர் இன்னொருவர் எழுதியதைத்தான் வாசிக்கிறார் என்று தெரிந்திருந்தும் அப்படித்தான். விளங்கிக்கொள்ளக் கஷ்டப்படும் மூளை, அந்தக் கஷ்டத்தை 'இது உண்மையல்ல போலும்' என்று மாற்றிக் கணக்கு வைத்துவிடுகிறது. வரவேற்பு மேசையில் வேலை செய்பவருக்கு இது முக்கியமான செய்தி. சாயலை அழிக்க வேண்டாம், கஷ்டத்தைக் குறையுங்கள்.

நாமும் யோக்கியர்கள் அல்லர். தமிழ்நாட்டில் 'டாக்டர்', 'காலேஜ்', 'ஆபீஸ்'. இங்கே 'டொக்டர்', 'கொலிஜ்', 'ஒபிஸ்'. அவர்கள் நம்மைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், நாம் அவர்களைக் கேட்டுச் சிரிக்கிறோம். கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்தே எந்தக் கரை என்று சொல்லிவிடலாம். நம்மில் பழையவர்கள் டயரை 'ரயர்' என்றும் டோர்ச்சை 'ரோச்' என்றும் எழுதுவதைப் பார்த்து இந்தியத் தமிழர் குழம்புவார்கள். அந்த இடத்தில் நம் நாக்கு டகரத்துக்கு வளையாமல், 'வெற்றி' என்பதில் வரும் றகரம் போலப் பல்முரசில் முட்டுகிறது. ஆங்கிலேயர் அந்த ஒலியை எழுப்பும் இடமும் அதுதான். மேற்கத்தியர் 'இந்திய ஆங்கிலம்' என்று நையாண்டி செய்யும்போது முதலில் பிடித்துக்கொள்வது நாக்கை மடித்துச் சொல்லும் டகரத்தை. அந்த ஒரு விடயத்தில் நாம் தப்பிவிட்டோம், நம் திறமையால் அல்ல, றகரத்தால்.

கொழும்பில் வேறு கதை. அங்கே ஆங்கிலம் பேசும் வீட்டார், குறில் ஒகரத்தையும் நெடில் ஓகாரத்தையும் மாற்றிப் பேசுபவர்களை 'நொட் பொட் இங்கிலிஷ்' என்று நக்கலடிப்பார்கள். கேலி செய்பவரையும் கேலிக்குள்ளானவரையும் ஒரு லண்டன்காரர் முன் நிறுத்தினால் இருவருமே 'இலங்கையர்' என்றுதான் அவருக்குக் கேட்கும். தமிழிலும் என்ன குறைவு? யாழ்ப்பாணத்தார் மட்டக்களப்பின் 'என்னகா'வைக் கேட்டால் உதட்டோரம் ஒரு புன்னகை வரும். ஆனால் பேச்சுத் தமிழ் வகைகளுள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்றவர் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில். மூதூர், கிண்ணியாப் பேச்சையும் மலையகப் பேச்சையும் நம் பட்டினத்தார் எப்படிப் போலி செய்து சிரிக்கிறார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பெரியம்மாவின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். ரொறன்ரோவில், முக்கியமாக ஸ்காபரோவில் வளர்ந்த இளையோரின் ஆங்கிலம் ஜமேக்கர், சோமாலியர், தமிழர் எல்லோரும் ஒரே பாடசாலையில் ஒன்றாகப் படித்ததால் உருவான கலவை. கனடாவின் மற்றப் பகுதியார் அதைத் தெருப்பேச்சு என்று ஒதுக்குவார்கள். லண்டனில் நம் பிள்ளைகள் பேசுவதும் அத்தகைய ஒரு கலவைதான். அதற்குப் பத்திரிகைகள் 'ஜஃபைக்கன்' என்று போலி ஜமேக்கன் என்ற பொருளில் கிண்டல் பெயர் வைத்தன. மொழியியலாளர் ஆராய்ந்து பார்த்துவிட்டு, அது போலி அல்ல, புதிதாகப் பிறந்த ஒரு லண்டன் ஆங்கிலம் என்றார்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளைகள் சிரித்தால் கோபிக்க வேண்டாம். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது நீங்கள் இப்படியே பேசுவீர்களா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

இனி வேலைக்கு உதவுகிற விடயம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் ஒருவரோடொருவர் பேசும்போது உண்மையில் எந்த ஒலி விளங்காமையை உண்டாக்குகிறது என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் ஆராய்ந்து 2000இல் ஒரு பட்டியல் கொடுத்தார். அவர் விட்டுவிடலாம் என்றவற்றில் நம் தகரப் பிரச்சினையும் ஒன்று. 'தேங்க்ஸ்' அப்படியே இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது பகரம். நம் பகரத்தில் காற்று வெடிக்காது. ஆங்கிலேயர் சொல்லின் தொடக்கத்தில் 'ப' சொன்னால் உதட்டிலிருந்து ஒரு மூச்சு பாயும். அது இல்லாவிட்டால் வாகனத் தரிப்பிடத்துக்கு நீங்கள் சொல்லும் 'பார்க்' அவர் காதில் நாய் குரைக்கும் 'bark' என்பதாக விழக்கூடும். எழுத்தில் காட்ட வேறு வழியில்லாததால் அந்தச் சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினேன்.

இரண்டாவது, ஃபகரம். உங்கள் மேசையில் நாள் முழுவதும் புழங்கும் இரண்டு சொற்கள் கோப்பியும் கொப்பியும். கடவுச்சீட்டின் பிரதி கேட்கும்போது பகரத்தைப் பகரமாகவும், குடிக்கும் பானத்தைச் சொல்லும்போது கீழுதட்டில் மேற்பல் படும்படி ஃபகரமாகவும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடவுச்சீட்டைக் கேட்ட இடத்தில் 'பால் வேண்டாம்' என்று பதில் வரும். வகரத்திலும் இதே சங்கடம்: உதட்டைக் குவித்துச் சொல்வதும் பல்லைப் பதித்துச் சொல்வதும் ஆங்கிலத்தில் இரண்டு வேறு ஒலிகள்.

மூன்றாவது, அழுத்தம். நாம் எல்லா அசைக்கும் சம நீதி வழங்குவோம். ஆங்கிலம் ஓர் அசையை உயர்த்தி மற்றவற்றை நசுக்கும். 'ஹோட்டல்' என்பதில் நாம் முன்னசையை அழுத்துகிறோம், அவர்கள் பின்னசையை. ஒரு வசனத்தில் முக்கியமான ஒரு சொல்லை மட்டும் உயர்த்திப் பேசப் பழகினாலே வித்தியாசம் தெரியும். வேகத்தையும் கொஞ்சம் குறையுங்கள்.

நமக்குப் பெரிய வரம் ஒன்று இருக்கிறது: குறில், நெடில். ஸ்பானியர், இத்தாலியர் எல்லாம் கப்பலுக்கும் செம்மறியாட்டுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களைப் பிரித்துச் சொல்லத் திண்டாடுவார்கள். கடற்கரை ஹோட்டலில் கடற்கரையையும் படுக்கை விரிப்பையும் ஆங்கிலத்தில் நாளுக்குப் பலதடவை சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டிலும் ஈகாரத்தைக் குறுக்கினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். நாம் பிறவியிலேயே நெடிலை நெடிலாகச் சொல்பவர்கள். அந்த ஆபத்து நமக்கு இல்லை.

ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் நான்கு அளவுகோல்களுக்குச் சம மதிப்பெண்: தடையின்றித் தொடர்ந்து பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. அந்த உச்சரிப்பு என்பதும் எந்த நாட்டுச் சாயல் என்று பார்ப்பதல்ல, விளங்குகிறதா என்று பார்ப்பது. வரவழைத்துக்கொண்ட அமெரிக்க ரகரம் பாதி வசனத்தில் நழுவிவிட்டால் தடுமாற்றம்தான் மிஞ்சும். கேட்டல் தேர்வில் பிரித்தானியர், அவுஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர், வட அமெரிக்கர் என்று பல குரல்கள் வரும். ஹோட்டலில் நிற்கும் உங்களுக்கு அதற்கான பயிற்சி சம்பளத்தோடு கிடைக்கிறது. ஸ்கொட்லாந்துக் காற்பந்து வர்ணனைகளையும் நேர்காணல்களையும் தினம் கொஞ்சம் கேளுங்கள். காது ஓர் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டதும் மீதி தானாகத் திறக்கும்.

அடுத்த கிளாஸ்கோத் தம்பதி வரும்போது 'விளங்கவில்லை' என்று மொட்டையாகச் சொல்ல வேண்டாம். தலையாட்டிச் சமாளிக்கவும் வேண்டாம். விளங்கிய பாதியைத் திருப்பிச் சொல்லுங்கள்: 'அறையில் ஏசி பற்றிச் சொன்னீர்கள், அதற்குப் பிறகு சொன்னதை மறுபடி சொல்ல முடியுமா?' என்று. முழுவதையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அவருக்கும் எரிச்சல் வராது. வாடகை, அறை எண், வாகனம் வரும் நேரம் போன்றவற்றை வாயால் மட்டும் சொல்லாமல் தாளில் எழுதிக் காட்டுங்கள். பதின்மூன்றும் முப்பதும் ஆங்கிலத்தில் ஒன்றுபோலக் கேட்பது அவர்களுக்குள்ளேயே நடக்கிற குழப்பம். பில் போடும் நேரத்தில் அது உங்கள் தலையில் விழக்கூடாது.